மார்பளவுக் கோடு

என் தம்பிக்குக் கோணல் என்றால் ஆகாது. நான் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள். ஒரு முறை காய்ச்சலோடு அங்கே வந்தான். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, கண் இரண்டும் செக்கச் செவேலென்று இருக்கிறது. வந்தவன் டோக்கனை வாங்காமல், என் தலைக்கு மேலே கையை நீட்டி, சுவரில் தொங்கிய காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் பெஞ்சில் போய்ச் சாய்ந்தான். "நிக்கவே முடியாம வந்திருக்கே, காலண்டர் எப்படி இருந்தா உனக்கென்னடா?" என்று கேட்டேன். "கண்ணுல பட்டுடுச்சே அக்கா" என்றான். அவ்வளவுதான் பதில்.

தொழில், வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது. நல்ல வேலைக்காரன் என்று ஊரே சொல்லும். கையில் காசு நிற்காது என்பதையும் ஊரே சொல்லும். பட்டி பார்த்த சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பான். திருப்தி இல்லையென்றால் தன் கூலியில் மறுபடி தேய்ப்பான். வீட்டுக்காரனே "போதும்பா" என்றாலும் விடமாட்டான். அவனிடம் கைப்பைக்குள் சுருட்டி வைத்த, கண்ணாடி மாதிரி தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்று உண்டு. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, உள்ளே தண்ணீர் ஊற்றி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும், அது. பெயிண்டருக்கு அது எதற்கு என்று கேட்டால் சிரிப்பான். அந்தக் குழாய்தான் அவன் தலையில் கல்லைப் போட்டது.

எங்கள் ஊரைப் புயல் அடித்த கதையை இங்கே நீட்டப் போவதில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம். இரண்டு தெருக்களைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். தம்பி வாடகைக்கு இருந்த தெரு மேட்டில் இருக்கிறது. அங்கே காற்று தகரக் கூரைகளையெல்லாம் பிய்த்துக்கொண்டு போனது, ஆனால் தண்ணீர் தெருவோடு ஓடி இறங்கிவிட்டது. என் தெரு வாய்க்கால் ஓரத்துப் பள்ளம். எங்களுக்குக் கூரை தப்பியது. வீட்டுக்குள்ளே தண்ணீர் என் மார்பளவுக்கு நின்றது.

அந்தப் பகல் முழுக்க மேட்டுத் தெரு ஜனங்கள் அத்தனை பேரும் தம்பி இருந்த வீட்டுக்குள்தான் இருந்தார்கள். தெருவிலேயே கான்கிரீட் கூரை போட்ட வீடு அது ஒன்றுதான். தரை கொஞ்சம்கூட நனையவில்லை. கால் நீட்ட இடமில்லாமல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, யார் குழந்தை யார் மடியில் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி மனைவி கைக்குழந்தையோடு மூலையில் இருந்தாள். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். கடலோரத்தில் பிறந்தவள், சின்ன வயதில் அவள் வீட்டைக் கடல் கொண்டுபோனதைக் கண்ணால் பார்த்தவள். மழை சத்தம் கேட்டால் போதும், குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பாள். அன்றைக்கு எத்தனை தடவை பார்த்தாளோ. ஒவ்வொரு தடவையும் தரை காய்ந்துதான் இருந்தது. அப்போதே அவள் மனதுக்குள் அந்த வீட்டை வாங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

பிறகு நிவாரணம் வந்தது. வந்ததே ஒரு விதி! கூரை போனதற்குக் காசு கிடையாது. வீட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றதோ அந்த அளவுக்குத்தான் பணம். முழங்காலுக்குக் கீழே என்றால் ஒன்றுமில்லை. மார்பளவு என்றால் முழுத்தொகை. கூரையைப் பறிகொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மேட்டுத் தெருக்காரர்கள் என்ன செய்வார்கள்? தெருமுனைத் தையற்காரர்தான் முதலில் தம்பியிடம் வந்தார்.

"பெயிண்டரே, சுவத்துல ஒரு கோடு போட்டா என்னய்யா? தண்ணி நின்ன மாதிரி."

"போடலாம். ஆனா ஆளாளுக்கு அவங்கவங்க வீட்டுல போட்டா மாட்டிக்குவீங்க" என்றான் இவன். "ஒரு வீட்டுல மேல, பக்கத்து வீட்டுல கீழன்னு தண்ணி நிக்குமா?"

அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். தெருவே அவனைப் பிடித்துக்கொண்டது. இவனும் குழாயை எடுத்தான். ஒரு முனையைத் தையற்காரர் பிடிக்க, மறுமுனையை இவன் பிடிக்க, வீட்டுக்கு வீடு மட்டம் பார்த்துத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கோடு. களிமண்ணும் டீத்தூள் கசடும் கலந்து, பழைய ஸ்பாஞ்சில் தோய்த்து ஒற்றி, மேலே லேசாய், கீழே அழுத்தமாய், நடுவில் இரண்டு காய்ந்த புல் ஒட்டி. வந்த அதிகாரி மலைத்துப் போனாராம். "இந்தத் தெருவிலதான் சந்தேகமே இல்லாம அளக்க முடியுது" என்று சொல்லி எழுதிக்கொண்டு போனாராம். ஒரு பைசா வெட்டாமல் முழுத்தொகை வந்தது. கூரைகள் ஏறின.

எங்கள் தெருவில் என்ன நடந்தது என்று கேட்கவேண்டாம், நானே சொல்கிறேன். நாங்கள் பள்ளத்தில் இருப்பவர்கள். தண்ணீர் வருவதும் போவதும் பழக்கம். வடிந்த மறுநாளே சேற்றை வாரிக் கொட்டி, சுவரைக் கழுவி, சுண்ணாம்பு அடித்துவிடுவோம். இல்லாவிட்டால் நாற்றத்தில் குடியிருக்க முடியாது. அதிகாரி வந்தபோது தெருவே பளிச்சென்று இருந்தது. "அடையாளமே இல்லையேம்மா" என்றார். "கழுவிட்டோம் சார்" என்றேன். "அப்ப நான் எதை அளக்கிறது?" என்றார். வெள்ளம் புகவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கோடு அதோடு போயிருந்தால் சரி. இரண்டாம் தவணை வரும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதனால் மேட்டுத் தெருவில் யார் வெள்ளையடித்தாலும் கோட்டை விட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். மங்கினால் தம்பி போய்ப் புதுப்பித்துக் கொடுப்பான், கூலி இல்லாமல். இரண்டாம் தவணை வரவேயில்லை. ஆனால் கோடு தெருவின் வழக்கமாகிவிட்டது. புதிதாகக் குடிவந்தவன்கூட, ஏன் என்று தெரியாமலே, தன் சுவரில் கோடு விட்டுப்போயிருந்தால் பெயிண்டரைக் கூப்பிட்டான்.

குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், வீட்டுக்காரர் தன் மகன் இருக்கும் ஊருக்கே போய்விடுவதாக முடிவு செய்தார். மனைவி இல்லாத தனி மனிதர். தம்பியைக் கூப்பிட்டு, "வேற யார்கிட்டயும் சொல்லல. நீ வாங்கிக்கிறியா?" என்று கேட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான். தம்பி மனைவி முட்டை மண்டியில் வேலை செய்கிறாள். அட்டைகளில் முட்டை அடுக்கிக் கணக்குச் சொல்லும் வேலை. விரலால் தொட்டாலே விரிசல் தெரிந்துவிடும் அவளுக்கு. தம்பிக்குத் தெரியாமல் அவள் சேர்த்து வைத்த பணம் முன்பணத்துக்குப் போதுமானதாக இருந்தது. அவன் வாயைப் பிளந்துவிட்டான். மீதிக்குப் பாங்க் கடன். மண்டி முதலாளி சம்பளச் சான்று எழுதிக் கொடுத்தார். இவ்வளவு வரை தரலாம் என்று பாங்கும் சொல்லிவிட்டது. வீட்டை மதிப்பிட ஆள் வந்து பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

அந்த வாரம் அவள் நடை ஒரு மாதிரி இருந்தது. கிளினிக் வழியாகப் போகும்போது ஒரு நாள் உள்ளே எட்டிப்பார்த்து, "அண்ணி, சமையல்கட்டுல ஒரு ஜன்னல் வைக்கலாம்னு இருக்கேன்" என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட யோசிக்கிறவள் அவள்.

மதிப்பீட்டாளர் வருவதற்கு முன்னால் வீட்டைப் பார்க்கும்படி வைக்கவேண்டும் என்று தம்பி இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. உள்ளும் புறமும் பெயிண்ட் அடித்தான். கதவுக்கு வார்னிஷ். எல்லாம் முடித்துவிட்டு, வெளிச்சுவரில் கோடு மங்கியிருக்கிறதே என்று மண்ணும் டீத்தூளும் கலந்து அதையும் புதுசாய்ப் போட்டான். அவன் கை சும்மா இருக்காதே. வேலை சுத்தமாக இருக்க வேண்டாமா?

மதிப்பீட்டாளர் வந்தார், தரையைத் தட்டினார், கூரையைப் பார்த்தார், தலையாட்டினார். வெளியே வந்து கோட்டைப் பார்த்ததும் டேப்பை எடுத்து அளந்தார். குறித்துக்கொண்டு போய்விட்டார். புயலுக்குப் பிறகு பாங்க் ஒரு விதி வைத்திருக்கிறது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது: வெள்ளம் நின்ற உயரத்துக்கு மேலே தரை இருக்கும் வீட்டுக்குத்தான் கடன்.

மேனேஜரைப் பார்க்க மூன்று பேரும் போனோம். பேசத் தெரிந்தவள் ஒருத்தி வேண்டும் என்று என்னைக் கூட்டிப் போனார்கள். மேனேஜர் நல்ல மனிதர்தான். எங்களை உட்காரச் சொன்னார்.

"வீடு நல்ல வீடும்மா. ஆனா மார்பளவு தண்ணி நின்ன இடம். அரசாங்க ரெக்கார்டும் அதையேதான் சொல்லுது. தரையை அந்தக் கோட்டுக்கு மேல உயர்த்தினீங்கன்னா பார்க்கலாம்."

"அவ்வளவு உயர்த்தினா உள்ள தவழ்ந்துதான் சார் போகணும்" என்றேன்.

தம்பி தொண்டையைச் செருமினான். "சார், அந்தக் கோடு தண்ணி போட்டது இல்ல. நான் போட்டது."

மேனேஜர் அவனைப் பார்த்தார். மதிப்பீட்டாளரும் பக்கத்து மேஜையில்தான் இருந்தார். அவரைக் கூப்பிட்டார். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கடன் வேணும்னு வர்றவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. நான் தெரு முழுக்கப் பார்த்தேன் சார். கோடியிலேர்ந்து கோடி வரைக்கும் ஒரு விரல்கூட ஏறி இறங்கல. அப்படி ஒரு மட்டம் தண்ணிதான் காட்டும். மனுஷன் கை போடுமா?"

என் தம்பி முகத்தை நான் அப்போது பார்த்திருக்கக் கூடாது. அந்த நிலைமையிலும் ஒரு நொடி அவனுக்குப் பெருமை வந்துவிட்டது. எனக்கு அவனை அறையவேண்டும் போல் இருந்தது.

"வேணும்னா இங்கேயே ஒரு சுவத்துல போட்டுக் காட்டட்டுமா சார்?" என்றான்.

"போட்டுக் காட்டுறது அப்புறம்" என்றார் மேனேஜர், குரலைத் தாழ்த்தி. "நீங்க சொல்றது நிஜம்னே வச்சுக்குவோம். அப்ப தெருவே பொய் சொல்லி நிவாரணம் வாங்கியிருக்கு. கோடு நான்தான் போட்டேன், தண்ணி வரலன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. மேலிடத்துக்கு அனுப்பறேன். அங்கேர்ந்து எங்க போகும்னு எனக்குத் தெரியாது."

ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எங்கள் பக்கம் தள்ளினார். தம்பி மனைவி தாளைப் பார்க்கவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுது என்று சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவன் பேனாவைக் கையில் எடுத்தான்.  பிறகு அதைத் தாளின் ஓரத்துக்கு இணையாக நேராக வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "ஏன் எழுதல?"

"தையற்காரர் அந்தப் பணத்துலதான் கூரை போட்டாரு. எதிர் வீட்டம்மா பொண்ணு கல்யாணத்தை முடிச்சாங்க. எல்லார்கிட்டேயும் திருப்பிக் கொடுன்னு கேட்பாங்க."

"அன்னிக்கு அவங்க எல்லாரும் அந்தத் தரையிலதானே உட்கார்ந்திருந்தாங்க? ஒருத்தராவது வந்து சொல்வாங்களா?"

"கேட்டுப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம்" என்றாள். "கேட்டு இல்லைன்னு சொல்லிட்டா, அந்தத் தெருவுல நான் எப்படி நடக்கிறது."

வழியெல்லாம் அவள் எங்களுக்கு முன்னால் நடந்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வார்கள். அவளுக்கு எட்டியிருந்தது, தட்டிவிட்டது கட்டின புருஷன் கை. அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்காரரால் காத்திருக்க முடியவில்லை. ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் முழுப்பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்து வாங்கினார். குடியிருக்க அல்ல, சரக்கு வைக்க. கிடங்குக்கு ஈரம் இல்லாத தரை வேண்டும் என்று அவர் தெருவில் விசாரித்தாராம். எல்லோரும் ஒரே குரலில், "ஒரு சொட்டுத் தண்ணி ஏறாதுங்க" என்று சொன்னார்களாம். நிவாரணம் கொடுக்கிறவனிடம் உண்மை பேசாத வாய், வீடு வாங்குகிறவனிடம் பேசுகிறது.

வீட்டைக் காலி செய்தாகவேண்டும். புயலுக்குப் பிறகு ஊரில் வாடகை கொள்ளை. பாங்க் சொன்ன தொகை அப்படியே இருந்தது, வேறு வீடு காட்டினால் போதும் என்றார்கள். அந்தச் சமயத்தில் என் வீட்டுக்குப் பக்கத்து வீடு விலைக்கு வந்தது. நான் அவர்களிடம் சொல்லவே இல்லை. அவளே யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்தாள்.

"வேண்டாம்மா" என்றேன். "இங்க தண்ணி வரும். வராம இருக்காது. நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா?"

"தெரியும் அண்ணி. பாங்குக்குத் தெரியலையே."

அதே மதிப்பீட்டாளர் வந்தார். சுவர்களைப் பார்த்தார், வெள்ளை வெளேரென்று இருந்தன. ரெக்கார்டைப் பார்த்தார், வெள்ளம் புகவில்லை என்றிருந்தது. தம்பியைத் தோளில் தட்டி, "இப்பதான் புத்திசாலித்தனமா வீடு பார்த்திருக்கீங்க" என்றார். கடன் ஒரே மாதத்தில் வந்துவிட்டது.

குடிவந்த அன்றைக்கு அவன் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டான். என் மார்பில் கையை வைத்துக் காட்டினேன். குழாயை எடுத்து அறை முழுக்கப் பென்சிலில் மெல்லிசாகக் குறித்தான், அதற்கு மேலே பலகைகள் அடித்தான். புத்தகம், துணி, அரிசி, வீட்டுப் பத்திரத்தின் நகல், எல்லாம் அந்தப் பலகைகளில் ஏறின. மேல் பலகைகளில் இருப்பதை நாற்காலி போட்டுத்தான் எடுக்கவேண்டும். குழந்தைக்கு அது விளையாட்டாக இருந்தது. சமையல்கட்டில் ஜன்னல் வைப்பது பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த புயல் பெரிய புயல் இல்லை. காலையிலேயே ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். தம்பி குடும்பமும் நானும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மேட்டுத் தெருவுக்கு நடந்தோம். வேறு எங்கே போவோம்? ஹார்டுவேர்காரர் கிடங்கைத் திறந்து வைத்திருந்தார். தெருக்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். பெயிண்ட் டின்களையும் ஆணி மூட்டைகளையும் ஒதுக்கி எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். தையற்காரர் எழுந்து தன் இடத்தைத் தம்பி மனைவிக்குக் கொடுத்தார். அவள் பழைய மூலைக்கே போய் உட்கார்ந்தாள். மழை அடித்தது. உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. எடுத்த கையை மறுபடி வைத்தாள். அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் அழுவதைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் பார்த்தார்கள். 

இரண்டாம் நாள் தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்குப் போனோம். கதவு ஊறிப்போய்த் திறக்க மறுத்தது. தம்பி தோளால் முட்டித் திறந்தான். உள்ளே கணுக்காலளவு சேறு. பலகைகள் மேலே எல்லாம் பத்திரம். சுவரில் இடுப்பளவுக்குப் பழுப்பாய் ஒரு கோடு, நான்கு சுவரிலும் சுற்றிப் போயிருந்தது. அவன் கிட்டே போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுகப் பார்த்தான்.

"அச்சு அசல் நான் போட்டது மாதிரியே இருக்கு அக்கா" என்றான்.

 தம்பி மனைவி எங்கள் இருவரையும் தாண்டிக்கொண்டு சேற்றில் நடந்துபோய், பலகை மேலிருந்த சுண்ணாம்பு வாளியையும் பிரஷையும் இறக்கி வந்தாள். அவற்றை எப்போது வாங்கி அங்கே வைத்தாளோ தெரியாது.

"முதல்ல சுவரைக் கழுவிடுங்க. ரெண்டு தடவை அடிக்கணும். ஒரு தடவை அடிச்சா கறை தெரியும்" என்றாள்.

"சேறு வாரவேண்டாமா முதல்ல? ஈரச் சுவர் வேற. காயட்டுமே" என்றான்.

"காயற வரைக்கும் யாராவது வந்து பார்த்துட்டா? கடன் முடியறவரைக்கும் இந்த வீட்டுக்குள்ள தண்ணி வந்ததே இல்ல. பிள்ளைக்கும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். அண்ணி, நீங்களும் யார் கேட்டாலும் அப்படியே சொல்லிடுங்க."

சரி என்றேன். என் வீட்டுச் சுவரும் அப்படியேதான் கிடந்தது; அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாளியைப் பிடித்துக்கொண்டேன். தம்பி முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கதவுக்குப் பின்னாலிருந்த மூலையில் தொடங்கினான்.